ஒரு டைல்ஸில் துள்ளுகிற குண்டு பக்கத்து டைல்ஸில் ஏன் செத்துப்போகிறது?

குண்டுமணி (கேள்வி)

பழைய பேரிங் ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த பால்ரஸ் குண்டு ரொம்ப நாளாக என் பேனா டப்பாவுக்குள் கிடந்தது. 20 மி.மீ. விட்டம், 33 கிராம். போன வாரம் கை தவறித் தரையில் விழுந்தது. டங்கென்று ஒரு சத்தம், முழங்காலுக்குக் கிட்டத்தட்ட எழும்பியது. எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் மறுபடி நழுவியது. இந்த முறை டொப். கணுக்காலுக்குக்கூட வரவில்லை. இரண்டு இடத்துக்கும் ஒரே ஒரு டைல்ஸ்தான் தூரம்.

தூக்கம் போனது. ஸ்கேலைச் சுவரில் ஒட்டி, 50 செ.மீ. உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தேன். எழும்பும் உயரத்தைக் கண்ணால் பிடிப்பது நம்மால் ஆகிற காரியமில்லை. அதனால் போனில் சத்தத்தைப் பதிவு செய்து, முதல் 'டக்'குக்கும் இரண்டாவது 'டக்'குக்கும் நடுவில் எத்தனை மில்லிநொடி என்று அலைப்படத்தில் பார்த்தேன். அந்த நேரத்தை வர்க்கப்படுத்தி, 9.8ஆல் பெருக்கி, 8ஆல் வகுத்தால் எழும்பின உயரம் மீட்டரில் வந்துவிடும். ஏறப் பாதி நேரம், இறங்கப் பாதி நேரம், அவ்வளவுதான் கணக்கு.

நல்ல டைல்ஸில் 443 மில்லிநொடி, அதாவது 24 செ.மீ. செத்த டைல்ஸில் 221 மில்லிநொடி, வெறும் 6 செ.மீ. பத்து தடவை போட்டேன், ஒரு செ.மீ.க்கு மேல் மாறவில்லை.

அடுத்து 16 மி.மீ. கண்ணாடிக் கோலி, 5 கிராம் சொச்சம். அதே 50 செ.மீ. நல்ல டைல்ஸில் 33, செத்த டைல்ஸில் 20. கடைசியாகப் பிங்பாங் பந்து, 30 செ.மீ.யிலிருந்து. இரண்டு டைல்ஸிலும் 23தான், வித்தியாசமே இல்லை!

பள்ளிக்கூடத்தில் "ரப்பரைவிட எஃகுக்குத்தான் மீட்சித்தன்மை அதிகம்" என்று படித்து ஒரு மார்க் வாங்கியிருக்கிறேன். அப்படியானால் எஃகுக் குண்டு ஏன் இவ்வளவு கேவலமாக விழுகிறது, பிளாஸ்டிக் பந்து ஏன் கவலையே படாமல் குதிக்கிறது? தொலைந்த ஆற்றல் எங்கே போகிறது? சத்தமாகவா?

இன்னொன்று. பிங்பாங் பந்தின் இடைவெளிகள் 435, 386, 345, 310 என்று போகின்றன. ஒவ்வொன்றையும் முந்தினதால் வகுத்தால் 0.887, 0.894, 0.899. ஒரே எண் வரவேண்டாமா? ஏன் ஏறுகிறது?

---

அவசரக்குடுக்கை

சத்தம்தான். டங்குன்னு அவ்வளவு பெருசா கேக்குதே, அதுக்கு ஆற்றல் எங்கிருந்து வரும்?

---

கரும்பலகை

அவசரக்குடுக்கைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வகுப்பில் வருடா வருடம் இதே பதில்தான் வரும். 33 கிராம், 50 செ.மீ. என்றால் தரையைத் தொடும்போது குண்டிடம் இருப்பது 0.16 ஜூல். சத்தத்தைத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 90 டெசிபல், நூறில் ஒரு பங்கு நொடி நீடிக்கிறது, தரைக்கு மேலே எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுகிறது. கணக்குப் போட்டால் 0.00006 ஜூல். மொத்தத்தில் ஆயிரத்துக்கு அரைப் பங்குகூட இல்லை. நம் காது அவ்வளவு நுட்பமான கருவி. அதனால்தான் சில்லறைக் காசு விழுவதைப் பெரிய செலவாக நினைக்கிறோம்.

இனி கேள்விக்கு. மோதுவதற்கு முன் நெருங்கும் வேகம், மோதிய பின் விலகும் வேகம், இரண்டாவதை முதலால் வகுத்தால் கிடைப்பது மீட்சியளிப்புக் குணகம். தரையில் போடும் பந்துக்கு இது உயரங்களின் விகிதத்துக்கு வர்க்கமூலம். உங்கள் நல்ல டைல்ஸில் 24/50, அதன் வர்க்கமூலம் 0.69. செத்த டைல்ஸில் 0.35. ஆற்றலுக்கு இதை வர்க்கப்படுத்த வேண்டும். முதலாவதில் 52 சதவீதம் போயிருக்கிறது, இரண்டாவதில் 88 சதவீதம்.

இந்த எண்ணை எப்போதும் பந்தின் பெயரில் எழுதுகிறோம், அதுதான் குழப்பத்துக்கு ஆரம்பம். இது பந்துக்கான எண் இல்லை, ஜோடிக்கான எண். நியூட்டன் 1687இல் வெளிவந்த பிரின்சிபியாவில் ஊசல்களில் பந்துகளைத் தொங்கவிட்டு மோதவிட்டதைச் சொல்கிறார். இறுக்கிச் சுற்றிய கம்பளிப் பந்துகள் இரண்டுக்கு 5/9, கண்ணாடிக்கு 15/16. கம்பளியும் கம்பளியும், கண்ணாடியும் கண்ணாடியும் என்று ஜோடி ஜோடியாகத்தான் அவரும் சொல்கிறார். டேபிள் டென்னிஸ் விதியும் பந்து 30.5 செ.மீ.யிலிருந்து விழுந்தால் 24 முதல் 26 செ.மீ. எழும்பவேண்டும் என்பதோடு நிறுத்தவில்லை, எஃகுக் கட்டியின் மேல் என்கிறது. எதன் மேல் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

அந்த ஒரு மார்க்கைத் திருப்பித் தர வேண்டாம். அந்த வாக்கியம் மீட்சிக் குணகத்தைப் பற்றியது, அதாவது ஒரு பொருளை உருமாற்ற எவ்வளவு விசை வேண்டும் என்பதைப் பற்றியது. எஃகு அதில் ரப்பரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு விறைப்பு. விறைப்பாக இருப்பது வேறு, வாங்கினதைத் திருப்பித் தருவது வேறு. ஒரே மாதிரிப் பெயர் வைத்ததால் வந்த வினை இது. பாடநூல் எழுதினவர்களை நானும் பல தடவை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

பிங்பாங் இடைவெளிகள் ஏறுவதற்குக் காற்றுதான் காரணம். 2.7 கிராம் பந்து, 40 மி.மீ. விட்டம். 30 செ.மீ. விழுந்ததும் நொடிக்கு 2.4 மீட்டர் வேகம் வந்திருக்கும். அப்போது காற்று தடுக்கிற விசை பந்தின் எடையில் சுமார் 8 சதவீதம். ஒவ்வொரு துள்ளலிலும் ஏறும்போது கொஞ்சம், இறங்கும்போது கொஞ்சம் காற்று பிடுங்கிக்கொள்கிறது. உயரம் குறையக் குறைய வேகம் குறைகிறது, பிடுங்குவதும் குறைகிறது. காற்றைக் கழித்துவிட்டு உங்கள் மூன்று எண்களையும் போட்டுப் பார்த்தேன், மூன்றும் 0.915 பக்கத்தில் வந்து நிற்கின்றன. நல்ல அளவீடு. என் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் இதைவிட மோசமாக எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்பார்கள்.

---

சுவரும்நானும்

ஜோடி என்று சார் சொன்னதோடு சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஸ்குவாஷ் ஆடுகிறவன். மெதுவான பந்தை, அதுதான் இரண்டு மஞ்சள் புள்ளி வைத்தது, டப்பாவிலிருந்து எடுத்துக் கீழே போட்டால் களிமண் உருண்டை மாதிரி உட்கார்ந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் பந்து ஓட்டை என்று நினைப்பார்கள். ஐந்து நிமிடம் சுவரில் அடித்துச் சூடேற்றிய பிறகுதான் ஆட்டமே. உள்ளே காற்றழுத்தம் ஏறுகிறது, ரப்பரும் சூட்டில் ஆற்றலைக் குறைவாக விழுங்குகிறது.

எனக்கு இதில் பிடித்த விஷயம், தொலைந்த ஆற்றல் எங்கே போனது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பந்தை உள்ளங்கையில் வைத்தால் போதும். ஒரு தடவை கணக்குப் போட்டேன். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் சுவரில் மோதி, ஆற்றலில் முக்கால்வாசிக்கு மேல் பந்துக்குள்ளேயே தங்கினால் ஓர் அடிக்குக் கால் டிகிரி சொச்சம் ஏறும். கையால் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சும்மா போடுகிற ரப்பர் பந்துக்கு ஆயிரத்தில் இரண்டு டிகிரிதான். அதனால்தான் வீட்டில் யாருக்கும் இது தெரிவதில்லை.

குண்டுமணி, உங்கள் குண்டு சூடாகிறதா?

---

பழையலேத்

தம்பி, நான் முப்பத்தாறு வருஷம் லேத்துல நின்னவன். சார் அளவுக்குக் கணக்கு வராது, கை கண்டது சொல்றேன்.

மொதல்ல அந்தச் செத்த டைல்ஸை விரல் மடக்கித் தட்டிப் பாருங்க. பக்கத்துல இருக்கறது 'டிக்'னு கெட்டியாக் கேக்கும், இது 'டொக்'னு பொள்ளலாக் கேக்கும். அடியில கலவை சரியாப் பிடிக்கல, காத்து நிக்குது. பந்தயம் வேணும்னாலும் கட்டுறேன்.

பட்டறைக்கல், அதான் கொல்லன் இரும்பை வச்சு அடிக்கிற கட்டி, அதை வாங்கப் போறவன் என்ன பண்ணுவான் தெரியுமா? சட்டைப்பையில ஒரு பால்ரஸ் குண்டு வச்சிருப்பான். கல்லு மேல ஒரு முழம் உசரத்துல இருந்து விடுவான். நூத்துக்கு எம்பது, தொண்ணூறு பங்கு எழும்பி வந்தா நல்ல கல்லு. ஒரு மூலையில மட்டும் தொய்ஞ்சா அங்க விரிசலோ, மேல் தகடு விட்டுப்போச்சோன்னு அர்த்தம். கல்லு பூராப் போட்டுப் பாத்துட்டுத்தான் விலை பேசுவான். நீங்க பண்ணினது அதே பரிசோதனைதான், டைல்ஸ்ல பண்ணியிருக்கீங்க.

கடினம் அளக்கறதுக்கே இப்படி ஒரு கருவி உண்டு, ஷோர் ஸ்கிளிரோஸ்கோப்னு பேரு. கண்ணாடிக் குழாய்க்குள்ள வைர முனை வச்ச சின்னச் சுத்தியல் மேல இருந்து விழும், எவ்வளவு திரும்பி எழும்புதோ அதுதான் அளவு. கடினமான உலோகம்னா பள்ளம் விழாது, ஆற்றல் அப்படியே திரும்பும். மெத்துன்னு இருந்தா பள்ளம் தோண்டுறதுல செலவாயிடும். கான்கிரீட்டுக்கு ரீபவுண்ட் ஹேமர் வச்சு அழுத்துறாங்களே, அதுவும் இதே குடும்பம்தான்.

பள்ளம்னதும் ஆணி அடிச்ச மாதிரி நெனைக்காதீங்க. சாதா இரும்புக் கட்டி மேல இந்தக் குண்டு சில மில்லிமீட்டர் உசரத்துல இருந்து விழுந்தாலே கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்துடும். வேகம் ஏற ஏற பள்ளமும் பெருசு, துள்ளுற பங்கும் குறையும். சந்தேகம்னா கட்டி மேல வெள்ளைத்தாள், அதுக்கு மேல மை பக்கம் கீழ வர்ற மாதிரி கார்பன் தாள் வச்சு அது மேல போடுங்க. தாள்ல வட்டமா ஒரு கரும்புள்ளி விழும், ஒண்ணரை மில்லிமீட்டர் இருக்கும். அந்த அளவுக்குக் குண்டும் கட்டியும் சப்பையாகி ஒட்டிப் பிரிஞ்சிருக்கு. வட்டமான எஃகு ஒரு புள்ளியிலதான் தொடும்னு படிச்சிருப்பீங்க. தொட்ட நேரத்துல அது புள்ளியே இல்ல.

துள்ளவே கூடாதுன்னு செஞ்ச சுத்தியலும் எங்கிட்ட ஒண்ணு இருக்கு. தலை உள்ள கூடு, அதுக்குள்ள எஃகுச் சிதறல் குண்டு பாதிக்கு நெறச்சிருக்கும். அடிச்சா எழும்பாம அப்படியே உக்காரும். சுத்தியல் திரும்பப் பாக்குற நேரத்துல உள்ள இருக்கற குண்டெல்லாம் பின்னாலயே வந்து மோதி அமுக்கிடும், அதுங்களுக்குள்ள ஆயிரம் சின்னச் சின்ன மோதல், ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சமா ஆற்றல் காணாமப் போயிடும். மணிக்கட்டு வலிக்காது.

---

கரும்பலகை

பழையலேத் ஐயா சொன்ன பொள்ளல்தான் விடை என்று நானும் நினைக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

எஃகுக் குண்டு டைல்ஸைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் கொஞ்சம் குறைவு. அந்த நேரத்துக்குள் கீழே போன வேகத்தை நிறுத்தி மேலே திருப்ப வேண்டும். சராசரி விசையே 200 கிலோ எடைக்கு மேல் வருகிறது, உச்சத்தில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 33 கிராம் குண்டு! வீட்டு டைல்ஸில் இதற்குமேல் சோதனை வேண்டாம்.

அந்த அடியில் டைல்ஸ் வளைகிறது. வளைவு ஓர் அலையாக நாலாபக்கமும் ஓடுகிறது. அடியில் கலவை கெட்டியாக இருந்தால் டைல்ஸும் கான்கிரீட்டும் சேர்ந்து ஒரே தடித்த பாளம், வளைவது கொஞ்சம்தான். அடியில் காற்று இருந்தால் எட்டு, பத்து மில்லிமீட்டர் தகடு தனியாக வளைகிறது, நிறைய ஆற்றலை வாங்கிக்கொண்டு ஓடுகிறது. அந்த அலை ஓரத்தில் பட்டுத் திரும்பி வந்து குண்டைத் தள்ளினால் கடன் தீர்ந்துவிடும். ஆனால் பணத்தை எடுத்துக்கொண்டு வருவதற்குள் பஸ் போய்விடுகிறது. குண்டு ஏற்கெனவே கிளம்பியாயிற்று. மிச்ச ஆற்றல் டைல்ஸுக்குள்ளேயே அங்குமிங்கும் அலைந்து சூடாக அடங்குகிறது. பெரிய தகட்டின் மேல் குண்டு மோதுவதை கிளாரன்ஸ் ஸீனர் 1941இல் இப்படித்தான் கணக்கிட்டார். குண்டு கனமாக இருக்க, தொடும் நேரம் குறுகலாக இருக்க, தகடு மெலிசாக இருக்க இழப்பு கூடும்.

உங்கள் மூன்று பந்துகளையும் இதில் வைத்துப் பாருங்கள். 33 கிராம் எஃகு டைல்ஸை ஓங்கி வளைக்கிறது. 5 கிராம் கோலி கொஞ்சம் வளைக்கிறது. 2.7 கிராம் பிங்பாங் பந்து உள்ளே வெற்றுக்கூடு, தானே குழிந்து, எஃகைவிடப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாகத் தள்ளுகிறது. டைல்ஸ் வளையவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அடியில் கலவை இருந்தால் என்ன, காற்று இருந்தால் என்ன, அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

---

அவசரக்குடுக்கை

சரி, சத்தம் இல்லைன்னு ஒத்துக்கறேன். ஆனா மோதல்ல உந்தம் மாறாதுன்னு சொல்லிக் கொடுத்தீங்களே, குண்டு கடைசில நின்னுபோச்சே, உந்தம் எங்க போச்சு?

---

கரும்பலகை

தரைக்கு. தரை வழியாகப் பூமிக்கு. பூமி கனம் என்பதால் அசைந்தது தெரியாது. உந்தத்துக்குத் திசை உண்டு, வெப்பமாக ஒளிந்துகொள்ள முடியாது, அதனால் கணக்கு எப்போதும் நேர்படும். ஆற்றலுக்கு ஒளிந்துகொள்ள ஆயிரம் இடம்.

நின்றுபோவதைப் பற்றி ஒன்று. கடைசியில் டர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டிருக்குமே? ஒவ்வோர் இடைவெளியும் முந்தினதைப்போல 0.69 மடங்கு என்றால் கணக்குப்படி துள்ளல்களுக்கு முடிவே இல்லை, ஆனால் நேரத்துக்கு முடிவு உண்டு. 443 மில்லிநொடியை 0.31ஆல், அதாவது ஒன்றில் 0.69 போக மிச்சத்தால், வகுங்கள். முதல் அடியிலிருந்து 1.43 நொடியில் எண்ணற்ற துள்ளலும் முடிந்துவிடும். பதிவில் பாருங்கள்.

---

குண்டுமணி

எல்லோருக்கும் நன்றி. ஐயா, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். தட்டினேன், டொக். ஒரு மூலையில் மட்டும் டிக் என்றது. அந்த மூலையில் குண்டைப் போட்டால் 19 செ.மீ. வருகிறது, அங்கிருந்து நடுவை நோக்கி நகர நகர 15, 11, 8, 6. பென்சிலால் வட்டம் போட்டுப் பொள்ளல் எதுவரை என்று வரைந்தே வைத்துவிட்டேன்.

சுவரும்நானும், குண்டு சூடாகவில்லை. ஐம்பது தடவை போட்டுக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது, பார்த்துக்கொண்டிருந்த மகள் சிரித்தாள்.

டர்ர்ர் பதிவில் இருக்கிறது. முதல் அடியிலிருந்து கடைசிச் சத்தம்வரை 1.5 நொடி. கடைசிப் பத்துப் பன்னிரண்டு அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியவில்லை.

டைல்ஸை விட்டுவிட்டு, தெரிந்தவர் பட்டறையிலிருந்து 5 கிலோ இரும்புக் கட்டி ஒன்றை வாங்கி வந்தேன். மேல்பக்கம் அரைத்து வழுவழுவென்று இருந்தது. கார்பன் தாள் வைத்துப் போட்டேன். புள்ளி விழுந்தது, ஸ்கேலில் ஒன்றரை மி.மீ.தான். தாளை எடுத்துவிட்டுப் போட்டால் 35 செ.மீ. எழும்பியது.

பிறகுதான் விளையாட்டு. கட்டியை அந்தச் செத்த டைல்ஸின் நட்டநடுவில் வைத்துக் குண்டைப் போட்டேன். 6 வரும் என்று நினைத்தேன், 35. சரி என்று மூன்றாக மடித்த கம்பளியின் மேல் கட்டியை வைத்தேன். அமுக்கினால் அமுங்குகிறது, அவ்வளவு மெத்து. குண்டு மறுபடி 35தான் எழும்பியது. அடியில் என்ன இருக்கிறது என்று குண்டுக்குத் தெரியவே இல்லையா?

---

பழையலேத்

குண்டு கட்டியைத்தான் பாத்துச்சு தம்பி, கம்பளியைப் பாக்க அதுக்கு நேரம் எங்க இருந்துச்சு? சார் சொன்ன பத்தாயிரத்துல ஒரு பங்குக்குள்ள அஞ்சு கிலோ இரும்பு நகந்து கம்பளியை அமுக்கறதுக்குள்ள குண்டு மேல போயாச்சு. கட்டி தடியா இருக்கறதால வளையவும் இல்ல.

இப்ப அதே கட்டிய எடுத்துட்டு, கம்பளி மேல நாலு மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒண்ணை வச்சுப் போடுங்க. குண்டு மூஞ்சியில தெறிக்கலாம், கொஞ்சம் தள்ளி நின்னுக்கோங்க.

---

குண்டுமணி

தகடு நாளைக்குத்தான் கிடைக்கும். கலவைக்காரரையும் நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். பென்சில் வட்டத்தைப் பார்த்துவிட்டு, இதை யார் வரைந்தது என்று போனிலேயே கேட்டார்.